ஒன்றரை மணிச் சாப்பாடு

நிகழ்ச்சி நிரலில் மதியச் சாப்பாட்டை ஒன்றரை மணிக்குப் போட்டவர் மாமாதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்றுவரை அவர் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

மாமா என்றால் என் கணவரின் தாய்மாமா. ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர், பள்ளிவாசல் நிர்வாகத்தில் பழைய ஆள், அந்த வருஷங்களில் எங்கள் ஊர்ச் சமாதானக் குழுவின் தலைவர். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் கல்முனைப் பக்கம் சமாதானக் குழு இல்லாத தெருவைக் காண்பது கஷ்டம். கொழும்பிலிருந்து யாராவது வாகனத்தில் வந்து இறங்குவார்கள். எங்களை வட்டமாக உட்கார வைப்பார்கள். கலர் தாள்களைக் கையில் தந்து, சமாதானம் என்றால் என்னவென்று எழுதச் சொல்வார்கள். வீதித் தடைகள் இறுகுவதற்குள் தாள்களையும் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அந்தத் தாள்களை என்ன செய்தார்கள் என்று எனக்கு இன்னும் தெரியாது.

இந்த முறை வரப்போவது ஒரு பிக்கு என்றார் மாமா. சும்மா பிக்கு இல்லையாம். வெளிநாட்டுக்காரர்கள் மாதக்கணக்கில் அவரிடம் வந்து கண்மூடி இருப்பார்களாம். அவருடைய பேச்சு கசெட்டாக வந்து விற்கிறதாம். கிழக்கில் ஊர் ஊராகப் போய் மைத்திரி தியானம் சொல்லிக் கொடுக்கிறாராம். எல்லா உயிர்களும் சுகமாக இருக்க வேண்டும் என்று மனதார நினைப்பதுதான் மைத்திரி என்று மாமா எனக்கு விளக்கினார், ஏதோ அவரே கண்டுபிடித்ததுபோல.

"சிங்களத்திலதான் கதைப்பாராம். நீ இருக்கிறாய்தானே, புள்ள."

நான் இருந்தேன்தான். என் வாப்பா மலைநாட்டில் ஒரு சிங்களப் பட்டணத்தில் துணிக்கடை வைத்திருந்தார். பதினைந்து வயதுவரை அங்கேதான் படித்தேன். அந்தப் பாவத்துக்கு, ஊரில் யாருக்குச் சிங்களத்தில் கடிதம் வந்தாலும் அது என் வீட்டு வாசலுக்கு வரும். கடிதத்தை வாசித்து, பதில் எழுதி, வந்தவருக்குத் தேத்தண்ணியும் நானே ஊற்றிக் கொடுக்க வேண்டும்.

ஆனாலும் சரி என்றேன். மாமாவுக்காக இல்லை. பாண்டிருப்பில் இருந்த என் தோழிக்காக.

ஆசிரியர் கலாசாலையில் நாங்கள் இருவரும் ஒரே அறை. அன்றைக்குப் பகிடியாக ஒருவரை ஒருவர் 'டீச்சர்' என்று கூப்பிடத் தொடங்கியது, இருபது வருஷம் ஆகியும் மாறவில்லை. தொண்ணூறில் எங்கள் முஸ்லிம் ஊருக்கும் அவளுடைய தமிழ் ஊருக்கும் நடுவே நடந்தவற்றுக்குப் பிறகு இரண்டு வருஷம் நாங்கள் பார்த்துக்கொள்ளவில்லை. மறுபடி கல்முனைச் சந்தையில் எதிர்ப்பட்டபோது, யார் வீட்டில் யார் இல்லை என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கத்தரிக்காய் விற்கும் விலையைப் பற்றி அரை மணித்தியாலம் கதைத்தோம். பிறகு பழையபடி ஆகிவிட்டோம்.

அவளுக்கு ஒரே மகன். புருஷன் நோயில் போய்ச் சேர்ந்து கனகாலம். மகன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தவன். ஒரு நாள் படைக்காரர் பஸ்ஸை மறித்து நான்கு பேரை இறக்கினார்கள், அதில் அவனும் ஒருவன். மூன்று பேர் அன்று பின்னேரமே வந்துவிட்டார்கள். இவன் வரவில்லை. முகாமில் போய்க் கேட்டால், அப்படி ஒரு ஆள் இங்கே இல்லை என்றார்கள். வேறு இடங்களில் கேட்டால், முகாமில் கேட்கச் சொன்னார்கள். மூன்று மாதமாக இதே கதை. அவனை விடுவிப்பதைப் பற்றிக்கூட அவள் அப்போது யோசிக்கவில்லை. உயிரோடு இருக்கிறானா இல்லையா, அதை மட்டும் யாராவது ஒரு மனிதர் வாய் திறந்து சொன்னால் போதும் என்று இருந்தாள்.

மகன் பிடிபட்ட நாளிலிருந்து அவள் மீன், இறைச்சி என்று மச்சம் எதையும் தொடவில்லை. சனிக்கிழமைகளில் அவனுக்குச் சமைத்து, மூன்றடுக்குக் கரியரில் போட்டு, முகாம் வாசலுக்குக் கொண்டுபோவாள். காவலுக்கு நிற்பவன் கையை விசிறுவான். கரியரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவாள். அடுத்த சனிக்கிழமையும் போவாள். எனக்கு அதைக் கேட்கவே எரிச்சல் வரும். அவள்மீதா அந்தக் காவல்காரன்மீதா என்று எனக்கே விளங்காத எரிச்சல்.

இப்போது கதைக்கு வருகிறேன். கூட்டம் நடத்த அனுமதி வேண்டும் என்பதற்காக, மாமா அந்த முகாமின் பொறுப்பதிகாரியையும் விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார். பெரிய பிக்கு வருகிறார் என்றதும் அவரும் சந்தோஷமாக வருவதாகச் சொல்லிவிட்டாராம். நான் சிங்களவர் நடுவில் வளர்ந்தவள். ஒரு பௌத்த அதிகாரி என்னதான் பெரியவராக இருந்தாலும் பிக்குவுக்கு முன்னால் கதிரையில் இருக்க மாட்டார், பாயில்தான் இருப்பார். சப்பாத்தைக் கழற்றி, தொப்பியைக் கழற்றி, கைகூப்பி இருக்கும் அந்த நேரத்தில் பிக்கு ஒரேயொரு வார்த்தை கேட்டால் அந்த மனிதரால் பொய் சொல்ல ஏலுமா? இதுதான் என் திட்டம். தோழியிடம் சொன்னேன். சனிக்கிழமைதானே, கரியரோடு வந்துவிடுகிறேன், அப்படியே முகாமுக்கும் போகலாம் என்றாள்.

கொழும்பிலிருந்து மாமாவுக்கு வந்த கடிதம் தமிழில் இருந்தது. தமிழில் இருந்ததால் அது என்னிடம் வரவில்லை. வந்திருந்தால் இந்தக் கூத்து நடந்திருக்காது.

அன்று காலை ஏழு மணிக்குப் பாடசாலை மண்டபத்துக்குப் போனேன். பிக்குவின் கதிரைக்கு வெள்ளைத் துணி விரிக்க வேண்டும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். விரித்தும் இருந்தார்கள். நல்ல புதுத் துணி, கஞ்சி மணம் போகாதது. எங்கே எடுத்தது என்று கேட்டேன்.

"பள்ளிவாசல்ல கபன் சீலை கட்டுக்கட்டாக் கிடக்கு. அதில ஒண்டு," என்றார் மாமா.

"மாமா, அது மையித்துக்குச் சுத்துற சீலை!"

"இது புதுசு புள்ள. ஒரு மையித்துக்கும் போடல்லயே."

பிணத்துச் சீலையில் பிக்குவை இருத்த ஏலாது என்று நான் வீட்டுக்கு ஓடி என் கட்டில் விரிப்பைக் கொண்டுவந்து போட்டேன். அதன் ஓரத்தில் நீலப் பூ இருந்தது. அதைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி விட்டேன்.

பிக்கு எட்டரைக்கு வந்தார். ஐம்பது வயது இருக்கும். உயரம், மெலிவு, தேய்ந்த செருப்பு. கூட ஒரு சாரதி மட்டும். குரல் மெதுவானது. அவர் கதைக்கும்போது மற்றவர்கள் தாங்களாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அந்தச் சந்தர்ப்பத்திலேயே நான் தோழியின் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் கேட்டார். கண்ணை மூடித் திறந்தார்.

"நான் அதிகாரிகளிடம் எதுவும் கேட்பதில்லை, டீச்சர். ஒரு இடத்தில் கேட்டால் அடுத்த முகாம் எனக்குக் கதவைத் திறக்காது. இன்று நாம் மனதில் விதை போடுவோம். அது முளைக்கும்."

எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த பேனையின் மூடியைக் கடித்து உடைத்துவிட்டேன். கதவு திறந்து என்ன, உள்ளே போய் என்ன கேட்கப் போகிறாராம்? விதை முளைக்கும்வரை அந்தப் பொம்பளை வெயிலில் கரியரோடு நிற்க வேண்டுமாக்கும். தோழி தூரத்தில் நின்று என் முகத்தைப் பார்த்தாள். "பாப்பம் எண்டு சொல்லியிருக்கார்" என்று பொய் சொன்னேன்.

மண்டப வாசலில் காவலுக்கு நின்ற சிங்களப் பொலிஸ்காரர் ஒருவர் வந்து விழுந்து கும்பிட்டார். பிக்கு பையிலிருந்து வெள்ளை நூல்பந்து ஒன்றை எடுத்து, ஒரு துண்டு அறுத்து, மெல்லிய குரலில் ஓதியபடி அவர் வலது மணிக்கட்டில் கட்டினார். பிரித் நூல். சுகமாக, பத்திரமாக இருப்பதற்குக் கட்டுவது. ஆண்களுக்கு வலது கை, பெண்களுக்கு இடது கை. அடுத்த வீட்டுச் சிங்களப் பிள்ளைகளின் கையில் சின்ன வயதில் நிறையப் பார்த்திருக்கிறேன். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு "அஸ்தஃபிருல்லாஹ்" என்று முணுமுணுத்தார். தோழி மட்டும் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் தொடங்கியது. நாற்பது பேர் வரை இருந்தோம். எங்கள் ஊராட்கள், பாண்டிருப்பு, காரைதீவுத் தமிழ் ஆட்கள், சரிக்குச் சரி. இருந்த விதத்தில் நடுவில் ஒரு வெறும் வரிசை விழுந்திருந்தது. அந்த வரிசையில் இருந்தவள் என் தோழி மட்டும்தான், கதிரைக்குக் கீழே கரியரோடு.

பிக்கு நன்றாகத்தான் பேசினார். அதைச் சொல்லாவிட்டால் எனக்குத்தான் பாவம். கோபம் என்பது நெருப்பை மடியில் கட்டிக்கொண்டு அடுத்தவன் வேகட்டும் என்று பார்த்திருப்பது என்ற மாதிரியெல்லாம் அலங்காரமாகச் சொல்லவில்லை. பயந்தவன்தான் மற்றவனை நோகடிக்கிறான், ஆகவே உன்னை நோகடித்தவன் எதற்குப் பயந்தான் என்று ஒரு தரம் யோசித்துப் பார் என்றார். அவ்வளவுதான். நான் தமிழில் சொன்னபோது மண்டபம் சத்தமில்லாமல் கேட்டது. நோகாமல் சொன்னால் யாருக்கும் கேட்கத்தான் பிடிக்கும் என்று எனக்குள் முனகிக்கொண்டேன்.

பிறகு தியானம். கண்ணை மூட வேண்டும். முதலில் தனக்குச் சுகம் வேண்ட வேண்டும். அடுத்து வேண்டியவர்களுக்கு. கடைசியில், தனக்குக் கெடுதி செய்த ஒருவரை நினைத்து, அவரும் சுகமாக இருக்கட்டும் என்று வேண்ட வேண்டும்.

முன்வரிசையில் இருந்த எங்கள் ஊர் மீன் முதலாளி கண்ணைத் திறந்தார். பிக்குவை ஹாமதுரு என்றுதான் அவருக்குச் சொல்ல வரும். "தங்கச்சி, ஹாமதுருட்ட ஒண்டு கேளுங்க. எனக்குக் கெடுதி செஞ்சவனுகள் மூணு பக்கத்திலயும் இருக்கானுகள். இதில ஆரை நினைக்கிற?"

கேட்டேன். இலேசானவரில் தொடங்குங்கள் என்றார் பிக்கு.

"லேசானவன் ஒருத்தனும் இல்லயே," என்று முதலாளி கொஞ்ச நேரம் யோசித்தார். "என்ட மச்சான நினைக்கட்டா? தோணி எஞ்சினக் கொண்டுபோய்ப் பழுதாக்கிப் போட்டுத் தந்தவன்."

இதை மொழிபெயர்த்ததும் பிக்கு சத்தமாகச் சிரித்தார். மண்டபமும் சிரித்தது. அதன் பிறகு நாற்பது பேரும் கண்ணை மூடிக்கொண்டு தங்கள் தங்கள் மச்சான்மாருக்குச் சுகம் வேண்டினார்கள் என்றே நினைக்கிறேன். யாரும் அதைத் தாண்டிப் போயிருக்க மாட்டார்கள். என் தோழி கண்ணை மூடவே இல்லை.

பதினொன்றேகாலுக்கு அதிகாரி வந்தார். நான் நினைத்தபடியே சப்பாத்தைக் கழற்றினார், தொப்பியைக் கழற்றினார், பிக்குவின் காலடியில் விழுந்து கும்பிட்டார். எழும்பி, கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "தானம் ஆயத்தமா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிக்குமார் பன்னிரண்டு மணிக்குப் பிறகு வாயில் சோறு வைக்க மாட்டார்கள். இது எனக்குத் தெரியும், பக்கத்து வீட்டில் பிக்குமாருக்குச் சாப்பாட்டுத் தானம் கொடுத்தபோதெல்லாம் எட்டிப் பார்த்திருக்கிறேன். நிகழ்ச்சி நிரல் இரண்டு நாளாக என் கைப்பையில்தான் கிடந்தது. சாப்பாடு என்ற சொல்லைப் பார்த்தேன், பக்கத்தில் இருந்த நேரத்தைப் பார்க்கவில்லை. அந்தளவில் நானும் குற்றவாளிதான். ஆனால் முதல் குற்றவாளி மாமா.

மண்டபத்துக்குப் பின்னால் ஓடினேன். சமையல்காரர் பெரிய சட்டியின் மூடியைக் கோதுமை மாவால் ஒட்டி, மூடிமேல் தணல் அள்ளிப் போட்டுவிட்டுச் சாவகாசமாக வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். புரியாணி. ஆட்டிறைச்சி. மாமா பக்கத்தில் நின்று மணம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, ஹாமதுருவுக்குப் பன்னிரண்டுக்கு முந்திச் சாப்பாடு கொடுக்கணும். கடிதத்தில எழுதியிருக்கல்லயா?"

"பதினொண்டரை எண்டு எழுதியிருந்திச்சு. பதினொண்டரைக்கு ஆர் புள்ள சோறு தின்னுற? எங்களுக்குக் கரைச்சல் தரப்படாது எண்டு மரியாதைக்கு எழுதியிருக்காங்க. நான்தான், லுஹர் தொழுதிட்டு ஆறுதலாச் சுடச்சுடச் சாப்பிடட்டும் எண்டு ஒண்டரை எண்டு மாத்தினன்."

நெற்றியில் அடித்துக்கொண்டேன். விஷயத்தைச் சொன்னேன். மாமாவின் முகம் கறுத்துப் போனது. விருந்தாளியைப் பட்டினி போடுவது என்றால் அந்த மனிதருக்கு உயிர் போகிற விஷயம். ஆனாலும் விடவில்லை.

"பயணத்தில வந்தவர்தானே? எங்களுக்கெண்டா பயணத்தில தொழுகையச் சுருக்கித் தொழலாம், நோன்பைப் பிறகு பிடிக்கலாம். அவங்களுக்கு அப்பிடிச் சலுகை ஒண்டும் இல்லயா? நல்லாக் கேட்டுப் பாரு."

"இல்ல மாமா!"

"ஒண்டரை மணித்தியாலம்தானே..."

சமையல்காரரிடம் திரும்பினேன். "தம் போட்டாச்சு. இப்ப மூடியத் திறந்தா அரிசி அரிசியாத்தான் வரும். ஏலா," என்றார். தேத்தண்ணிக் கடையில் மாட்டிறைச்சிக் கொத்துரொட்டியைத் தவிர அந்த நேரத்துக்கு ஒன்றும் இருக்காது. என் வீட்டில் அன்று அடுப்பே மூட்டவில்லை, ஏனென்றால் எல்லாரும் இங்கேதான் சாப்பிட இருந்தோம். பிக்கு சாப்பிடாவிட்டால் அதிகாரி பாயில் இருக்கப் போவதில்லை. கும்பிட்டுவிட்டு எழும்பிப் போய்விடுவார். மூன்று மாதம் காத்திருந்த ஒரு சந்தர்ப்பம் ஒரு மூடிச் சட்டிக்குள் வெந்துகொண்டிருந்தது.

மணி பதினொன்று முப்பத்தைந்து. திரும்பினால் தோழி நிற்கிறாள். கையில் கரியர். அவளுக்கு யாரும் சொல்லத் தேவைப்படவில்லை.

"மரக்கறிதான், டீச்சர். இதைக் குடுங்க."

"இது அவன்ட சோறெல்லோ?"

"வழமைபோல வீட்டுக்குத்தானே கிறுகி வரப்போகுது," என்றாள்.

பாய் விரித்தோம். தானத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. உணவைப் பிக்குவின் கையில் ஒப்படைக்கும்போது கூட இருப்பவர்களும் அந்தப் பாத்திரத்தைத் தொட வேண்டும். தொட்டவருக்கும் புண்ணியத்தில் பங்கு உண்டு. தோழி கரியரை நீட்டினாள். அதிகாரி முழங்காலில் நகர்ந்து வந்து, பக்தியோடு இரண்டு கையாலும் கரியரின் அடியைத் தாங்கினார். மூன்று மாதமாக அவருடைய வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட அதே கரியர். அவருக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்தது. 

பருப்பு, பூசணிக்காய்க் கறி, முருங்கையிலைச் சுண்டல், அடியில் தனியாக வாழைக்காய்ப் பொரியல். அவனுக்குப் பிடித்தது. பிக்கு ஒரு பருக்கையும் மிச்சம் வைக்காமல், பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது சாப்பிட்டு முடித்தார். மாமா கதவடியில் நின்று, தன் புரியாணி இருக்க விருந்தாளி பூசணிக்காய் தின்பதைத் தாங்க முடியாமல் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

கையைக் கழுவிவிட்டு பிக்கு என்னிடம் கேட்டார்: "இந்தத் தானத்தின் புண்ணியம் யாருக்கு?"

மொழிபெயர்த்தேன்.

"என்ட மகனுக்கு," என்றாள் தோழி.

தாய் ஒருத்தி மகன் பெயரில் தானம் கொடுத்தால், அவன் செத்துவிட்டான் என்றுதான் அந்த நாட்களில் யாரும் நினைப்பார்கள். காலையில் நான் இவளைப் பற்றித்தான் சொன்னேன் என்பது பிக்குவுக்கு விளங்கவில்லை. நாற்பது முகம், அதில் இவள் முகத்தை நான் காட்டிக் கொடுக்கவும் இல்லை. அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, ஒரு கேத்தலில் தண்ணீரும் ஒரு கோப்பையும் கேட்டார். மாமா ஓடிப்போய் தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுளூ எடுக்கும் கேத்தலைக் கொண்டுவந்தார். கோப்பை நிரம்பி வழியும்வரை தண்ணீர் ஊற்றச் சொல்லித் தோழிக்குச் சைகை காட்டினார் பிக்கு. செத்தவருக்குப் புண்ணியத்தைச் சேர்ப்பிக்கும் சடங்கு அது.

நான் வாயைத் திறப்பதற்குள் அவளுக்கு விளங்கிவிட்டது. தகப்பனுக்கும் புருஷனுக்கும் எள்ளும் தண்ணீரும் இறைத்ததைப் பார்த்தவள். அவளுக்கு எதற்கு மொழிபெயர்ப்பு? நெருப்பில் பட்டதுபோல் கையை இழுத்தாள்.

"நான் தண்ணி ஊத்தமாட்டன். அவன் சாகல்ல. டீச்சர், சொல்லுங்க அவருக்கு. அவன் சாகல்ல. இந்தா இவர்ட முகாமிலதான் இருக்கான்."

அவள் விரல் அதிகாரியைக் காட்டியது. நான் ஒரு சொல் விடாமல் சிங்களத்தில் சொன்னேன்.  

பிக்கு என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். காலியான கரியரைப் பார்த்தார். பிறகு கேத்தலை மெதுவாகத் தள்ளி வைத்துவிட்டு, பாயில் கைகூப்பி இருந்த மனிதரிடம் திரும்பினார். குரல் காலையில் இருந்ததுபோலவே மெதுவாக இருந்தது.

"மகத்தயா, நான் உங்களிடம் எதையும் கேட்கவில்லை. ஆனால் சோற்றைத் தின்றுவிட்டேன், அதற்குரியதைச் செய்யாமல் எழும்ப எனக்கு இடமில்லை. செத்தவருக்கு என்றால் தண்ணீர் ஊற்ற வேண்டும். உயிரோடு இருப்பவருக்கு என்றால் நூல் ஓத வேண்டும். நான் எதைச் செய்ய?"

 பள்ளிவாசலில் லுஹர் தொழுகைக்குப் பாங்கு தொடங்கியது. எங்கள் ஆட்கள் ஒருவரும் எழும்பவில்லை. மாமாகூட. பாங்கு முழுதாக முடிந்தது. அதுவரைக்கும் அதிகாரி பாயின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நூல் ஓதுங்கள், ஹாமுதுருவனே," என்றார்.

நான் தோழியிடம் சொன்னேன்.  அவள் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

பிக்கு நூலை அறுத்து நெடுநேரம் ஓதினார். அதைத் தோழியிடம் கொடுக்கவில்லை. அதிகாரியின் கையில் வைத்தார். "நீங்களே அவனுக்குக் கட்டுங்கள். அடுத்த சனிக்கிழமை அம்மா வருவார். எந்தக் கையில் கட்டியது என்று அவருக்குச் சொல்லி அனுப்புங்கள்." காலையில் விதை, முளை என்று எனக்குப் பாடம் எடுத்த அதே வாய்தான். இதைச் செய்யத் தெரிந்த மனிதர் எட்டரை மணிக்கே செய்திருந்தால் என் பேனை மூடியாவது மிஞ்சியிருக்கும்.

ஒன்றரைக்குப் புரியாணி திறந்தார்கள். சஹன் என்ற பெரிய தாம்பாளத்தைச் சுற்றி ஆறு ஆறு பேராக இருந்தோம். பிக்கு ஒரு கோப்பை வெறுந்தேத்தண்ணியோடு எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு இருந்தார். "ஒரு துண்டு இறைச்சி மட்டும், ஆருக்குத் தெரியப்போகுது?" என்று கேட்கும்படி மாமா என்னை மூன்று தரம் நச்சரித்தார். மூன்று தரமும் நான் வேறு எதையோ கேட்டேன்.

அடுத்த சனிக்கிழமை நானும் அவளோடு முகாமுக்குப் போனேன். காவல்காரன் முதல் தடவையாகக் கரியரை வாங்கிக்கொண்டு உள்ளே போனான். கால் மணித்தியாலம் கழித்து வெறுங்கரியரோடு வந்தான். என்னைப் பார்த்து, பாடமாக்கியதைச் சொல்வதுபோல் இரண்டே சொல் சொன்னான்.

"என்னவாம்?" என்று என் கையைப் பிடித்தாள்.

"இடது கையாம்," என்றேன்.

அவள் அழுதாள், சிரித்தாள், கரியரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றாள். "இருக்கான் டீச்சர், இருக்கான்." நானும் சிரித்தேன். வழியெல்லாம் வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டு வந்தேன். ஆண்பிள்ளைக்குக் கட்டுவது வலது கையில். ஒரு பௌத்தர் அதை மாற்றிக் கட்ட மாட்டார், வலது கையில் கட்ட இடம் இருந்தால். அந்த ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை. என் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டுதான் அழுதேன்.

குழு கொழும்புக்கு அனுப்பிய அறிக்கையில், கூட்டம் சிறப்பாக நடந்ததாகவும், சாப்பாட்டு நேரத்தில் ஏற்பட்ட சிறு தாமதத்துக்கு மொழிபெயர்ப்பாளர் காரணம் என்றும் மாமா எழுதியிருந்தார். அந்த அறிக்கையைச் சிங்களத்தில் மாற்றிக் கொடுக்கச் சொல்லி என்னிடமே கொண்டுவந்தார். அந்த வரியை விட்டுவிட்டு மாற்றிக் கொடுத்தேன்.

சில மாதம் கழித்து, பெரும்போக நெல் வெட்டு முடிந்த பிறகு அவனை விட்டார்கள். கேள்விப்பட்ட அன்றே பாண்டிருப்புக்குப் போனேன். குசினியில் அவன் பலகையில் இருந்தான். வலது கை முழங்கைக்குக் கீழே கோணலாகப் பொருந்தியிருந்தது, விரல்கள் மடங்கவில்லை. இடது மணிக்கட்டில் அந்த நூல் அழுக்கேறி இறுகிப்போய்க் கிடந்தது. தோழி சோற்றைப் பிசைந்து அவனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். இடது கையால் சாப்பிடக் கூச்சப்படுகிறான் என்றாள்.

அவன் எழும்பிக் கை கழுவப் போனதும் அவள் திரும்பாமலே கேட்டாள். "நூலை இடக் கையில கட்டின எண்டு சொன்ன அண்டைக்கே உங்களுக்குத் தெரியும்தானே?"

"ஓம்," என்றேன்.

"எனக்கும் தெரியும். அந்தப் பொலிஸ்காரனுக்கு வலக் கையில கட்டினதப் பாத்தனான். நீங்க அவ்வளவு சந்தோஷமாக் கதைச்சுக்கொண்டு வந்தீங்க. உங்கட முகத்த ஏன் கெடுப்பான் எண்டு விட்டன்."

எனக்கு அவள்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இத்தனை மாதம் நான் அவளுக்கு ஒளித்து, அவள் எனக்கு ஒளித்து, இருவரும் தனித்தனியாக அழுதிருக்கிறோம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சேர்ந்தாவது அழுதிருப்போமே என்று கத்தினேன். அவள் எனக்கு ஒரு தட்டில் சோறு போட்டு, சட்டியைத் திறந்து கறியை ஊற்றினாள். மீன் கறி. அன்றைக்குத்தான் அவள் வீட்டில் மறுபடி மீன் காய்ச்சியிருந்தாள்.